அப்பாவின் புல்லட்டுக்கு எந்த டயர்?

கேள்வி இதுதான். அப்பா வாங்கிய 1984 மாடல் புல்லட் 350. அவர் காலமான பிறகு ஆறு வருடம் கொட்டகையிலேயே நின்றது. இப்போது எஞ்சின் வேலை முடிந்து வண்டி ஓடுகிற நிலைக்கு வந்திருக்கிறது. இரண்டு டயரிலும் பட்டன், அதாவது சாலையைத் தொடும் மேடுகள், முக்கால்வாசி அப்படியே இருக்கிறது. அதையே ஓட்டலாமா? மாற்றியே ஆக வேண்டுமென்றால் எதைப் போடுவது? கையில் இருந்த பணமெல்லாம் எஞ்சினுக்கே போய்விட்டது, டயருக்கு ஆறாயிரத்துக்கு மேல் முடியாது. வண்டியின் பழைய தோற்றமும் கெடக் கூடாது.

ஆறாயிரத்துக்குள் முடியும், தோற்றமும் கெடாது. பழைய வண்டிக்காரர்களில் உங்களுக்கு வாய்த்திருப்பது நல்ல இடம். 1955இல் சென்னையில் தொடங்கி, திருவொற்றியூர் ஆலையில் வளர்ந்த வண்டி இது. உங்கள் வண்டியில் முன்னும் பின்னும் 3.25-19 அளவு டயர். அதே அளவு, 2023இல் புதிய எஞ்சினோடு மாடல் மாறும்வரை, புல்லட் 350இல் கம்பெனியிலிருந்தே வந்துகொண்டிருந்தது. அதனால் நாற்பது வருடம் பழைய வண்டிக்கு, மூன்று நான்கு வருடம் முன்பு வாங்கிய வண்டிக்குப் போடும் டயரையே போடலாம். எம்.ஆர்.எஃப்., சியட் போன்ற கம்பெனிகளின் டயர் இந்த அளவில் சாதாரண விலைக்கே கிடைக்கும். ஒரு டயர் இரண்டாயிரத்திலிருந்து மூவாயிரத்துக்குள் வரும்.

இப்போது இருக்கிற டயரை ஓட்டலாமா என்றால், கூடாது. பட்டன் இருக்கிறதே என்று மனம் அடித்துக்கொள்ளும், எனக்குத் தெரியும். ஒரு வேலை செய்யுங்கள். வண்டியை வெயிலுக்குத் தள்ளி வாருங்கள். பின் டயரில் காற்றை முழுக்க இறக்கிவிட்டு, இரண்டு கட்டைவிரலாலும் பக்கவாட்டை உள்ளே அமுக்கிப் பாருங்கள். காற்று இருக்கும்போது வழவழப்பாகத் தெரிந்த இடத்தில், ரிம்முக்கு ஒரு விரல் மேலே, வட்டமாக மயிரிழை வெடிப்புகள் வாய் திறக்கும். பட்டன்களுக்கு இடையே இருக்கும் பள்ளத்தின் அடியிலும் அதே போல் இருக்கும். அப்புறம் பட்டன் மேல் நகத்தை அழுத்திப் பாருங்கள். நல்ல ரப்பரில் நகம் பதிந்து மெல்ல மறையும். வயதான ரப்பரில் மேசை விளிம்பில் அழுத்துவது போலத்தான் இருக்கும்.

ஓடாத டயர் எப்படிக் கெடும் என்று பலர் கேட்கிறார்கள். ஓடாததால்தான் இன்னும் சீக்கிரம் கெடுகிறது. ரப்பரைக் காற்றிலிருந்தும் ஓசோனிலிருந்தும் காப்பாற்ற அதற்குள் ஒரு வகை மெழுகும் வேறு சில ரசாயனங்களும் கலந்திருப்பார்கள். டயர் சுழன்று நசுங்கி விரியும்போது அந்த மெழுகு கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்து ஒரு படலமாகப் படிந்துகொண்டே இருக்கும். நின்ற வண்டியில் அது நடப்பதில்லை. மேல் படலம் வறண்டு ரப்பர் வெடிக்கத் தொடங்கும். கூடவே, காற்றில்லாமல் ஒரே இடத்தில் எடை தாங்கி நின்றதால் உள்ளே இருக்கும் நைலான் துணி அந்த இடத்தில் மடிந்து தளர்ந்திருக்கும். வெளியே தெரியாத சேதம் அது.

டயரின் பக்கவாட்டில், பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டும், நான்கு எண்கள் சேர்ந்தாற்போல இருக்கும். முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருடம். 2314 என்றிருந்தால் 2014இன் 23ஆவது வாரத்தில் செய்தது. மூன்றே எண்கள் இருந்தால் அது 2000க்கு முந்தைய டயர், அதைப் பற்றிப் பேசவே வேண்டாம். உங்கள் டயரில் அந்த எண்ணைப் பார்த்தாலே பாதி சந்தேகம் தீர்ந்துவிடும். வண்டி நின்ற ஆறு வருடத்துக்கு முன் அது எத்தனை வருடம் ஓடியதோ, அதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

உங்கள் வண்டி விஷயத்தில் நான் அழுத்திச் சொல்ல நினைப்பதும் இந்த வயதைப் பற்றித்தான். தினம் நாற்பது கிலோமீட்டர் வேலைக்குப் போகிறவர் டயரைத் தேய்த்துத்தான் மாற்றுவார். உங்களைப் போல ஞாயிற்றுக்கிழமை காலையில் எடுத்து, கோயிலுக்கோ நண்பர் வீட்டுக்கோ போய்வந்து துடைத்து நிறுத்துகிறவரின் வண்டி வருடத்துக்கு இரண்டாயிரம், மூவாயிரம் கிலோமீட்டர் ஓடினால் அதிகம். அந்தக் கணக்கில் உங்கள் டயர் ஒருநாளும் தேயப்போவதில்லை. வயதாகித்தான் போகும். இதை மனதில் வைத்துக்கொண்டால் கடையில் எதற்குக் காசு கொடுப்பது, எதற்குக் கொடுக்க வேண்டாம் என்பது தானே விளங்கிவிடும். ‘இது நாற்பதாயிரம் கிலோமீட்டர் உழைக்கும் சார்’ என்று கடைக்காரர் எடுத்துக் காட்டும் டயர் உங்களுக்கு வேண்டாம். நீண்ட உழைப்புக்காகச் செய்யும் ரப்பர் பொதுவாகக் கடினமாக இருக்கும், ஈரச் சாலையில் பிடிப்பு அந்த அளவுக்குக் குறையும். உங்களுக்கு வேண்டியது பிடிப்பும் புதுசும். டிரம் பிரேக் வண்டி, முன் பிரேக் பிடித்தாலும் லேசில் நிற்காது. டயராவது சாலையைப் பிடிக்க வேண்டும்.

கடையில் பெயரைக் கேட்காமல் அளவைச் சொல்லிக் கேளுங்கள். மாடல் பெயர்கள் மாறிக்கொண்டே இருக்கும். 3.25-19 என்பதில் 3.25 அங்குலம் டயரின் அகலம், 19 அங்குலம் ரிம்மின் விட்டம். பின் சக்கரத்துக்கு 6 பி.ஆர். (6PR) என்று இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். அதற்குள் ஆறு அடுக்குத் துணி இருக்கிறது என்று பொருளில்லை, ஆறு அடுக்குக்குச் சமமான பலம் என்று கணக்கு. முன்னால் 4 பி.ஆர். போதும்.

அளவுக்குப் பக்கத்தில் 54 பி (54P) என்பது போல ஓர் எண்ணும் ஆங்கில எழுத்தும் இருக்கும். எண் சுமையைச் சொல்கிறது. 54 என்றால் அந்த ஒரு டயர் 212 கிலோ தாங்கும், 57 என்றால் 230, 60 என்றால் 250. உங்கள் வண்டியே சுமார் 170 கிலோ. இரண்டு பெரியவர்கள் ஏறினால் முந்நூறைத் தாண்டிவிடும், அதில் பாதிக்கு மேல் பின் சக்கரத்தின் மேல்தான். எனவே பின்னால் 54க்குக் கீழே போகவே வேண்டாம், அதற்கு மேல் கிடைத்தால் நல்லது. எழுத்து வேகத்தைக் குறிக்கிறது. எல் என்றால் மணிக்கு 120 கிலோமீட்டர், பி என்றால் 150, எஸ் 180, எச் 210. அந்தக் காலத்து இரும்பு பிளாக் எஞ்சின் நூறைத் தொடுவதே அதிகம், தொட்டாலும் அதில் ரொம்ப நேரம் ஓட்டினால் எஞ்சினுக்கு நல்லதில்லை. எச் எழுத்துக்குக் கூடுதலாகக் காசு கொடுப்பதில் உங்களுக்கு எந்தப் பயனும் இல்லை. பி இருந்தால் தாராளம்.

பட்டன் அமைப்பு பற்றி. பழைய புல்லட்டின் முன் டயரில் சக்கரத்தைச் சுற்றி நீளவாக்கில் கோடு கோடாகப் பள்ளம் இருக்கும், பின் டயரில் கட்டம் கட்டமாகப் பட்டன் இருக்கும். தோற்றம் கெடக் கூடாது என்றீர்களே, அந்தத் தோற்றத்தின் பாதி இந்த ஜோடியில்தான் இருக்கிறது. அழகுக்கு மட்டுமில்லை, காரணத்தோடுதான் அப்படி வைத்தார்கள். முன் சக்கரத்தின் வேலை திசை காட்டுவதும் பிரேக் பிடிப்பதும். நீளக் கோடுகள் வண்டியை நேராகப் பிடித்துப் போகும், கைப்பிடி லேசாக இருக்கும். பின் சக்கரம் தள்ள வேண்டும், அதற்குக் குறுக்கு விளிம்புகள் வேண்டும். சில கம்பெனிகள் முன்பின் இரண்டுக்கும் பொருந்தும் ஒரே அமைப்பு டயரும் தருகின்றன, அதுவும் தவறில்லை. ஆனால் பின்னுக்கென்றே செய்த கட்ட டயரை முன்னால் போடாதீர்கள். வளைவில் திரும்பும்போது முன் சக்கரம் தயங்குவதை உள்ளங்கையிலேயே உணர்வீர்கள்.

பக்கவாட்டில் அம்புக்குறி இருந்தால் அதைக் கவனித்து மாட்டச் சொல்லுங்கள். முன்னும் பின்னும் மாட்டக்கூடிய டயரில் முன்னுக்கு ஓர் அம்பும் பின்னுக்கு எதிர்த் திசையில் ஓர் அம்பும் இருக்கும். பின் டயரை எஞ்சின் இழுக்கிறது, முன் டயரைப் பிரேக் இழுக்கிறது, இரண்டும் எதிரெதிர் விசைகள். ரப்பரின் ஒட்டு பிரியாமல் இருக்க அந்தத் திசை முக்கியம். அவசரத்தில் மாட்டுகிற கடைகளில் இதை யாரும் பார்ப்பதில்லை, நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

அகலமான டயர் போடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மெக்கானிக் கேட்பார். ‘பின்னாடி நாலு இன்ச் போட்டா சும்மா கம்பீரமா இருக்கும்’ என்பார். வேண்டாம். உங்கள் ரிம் அகலம் குறைந்தது, 1.85 அங்குலம்தான். அதில் அகல டயரை ஏற்றினால் பக்கவாட்டு உள்ளே குறுகி, மேல்பரப்பு நடுவில் மட்டும் உருண்டு நிற்கும். சாலையைத் தொடுகிற பரப்பு நீங்கள் நினைத்தபடி கூடாது, வளைவில் டயர் நெளியும், செயின் கவரில் உரசும், வண்டியைத் திருப்புவதே பாரமாக இருக்கும். கண்டிப்பாகக் கொஞ்சம் பெரிதாக வேண்டுமென்றால் பின்னால் மட்டும் 3.50-19 போடலாம். புல்லட் 500இல் அந்த அளவு வந்தது. அப்போதும் மாட்டிய பிறகு சக்கரத்தைக் கையால் சுற்றி, மட்கார்டிலும் செயின் கவரிலும் ஒரு விரல் இடமாவது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முன்னால் அளவை மாற்ற வேண்டாம். உங்கள் வண்டியின் ஸ்பீடோமீட்டர் கேபிள் முன் சக்கரத்திலிருந்து வருகிறது, டயரின் சுற்றளவு மாறினால் முள் காட்டுவதும் மாறும்.

3.25-19 கிடைக்காத ஊரில் இருந்தால் முன்னால் 90/90-19 போடலாம். ராயல் என்ஃபீல்டின் கிளாசிக் 350இல் முன் டயராக வந்த அளவு அது, எங்கும் கிடைக்கும். உயரத்தில் பெரிய வித்தியாசமில்லை, உங்கள் ரிம்முக்கும் ஒத்துவரும். ஆனால் கிளாசிக்கின் பின் டயர் 18 அங்குலம், அது உங்கள் ரிம்மில் ஏறவே ஏறாது. கடைக்காரர் ‘புல்லட் டயர்தானே’ என்று பொத்தாம்பொதுவாக எடுத்துக் கொடுத்துவிடும் வாய்ப்பு உண்டு. வீட்டுக்கு வந்த பிறகு கண்டுபிடித்தால் இன்னொரு நடை.

வெளிநாட்டு டயர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பழைய வண்டிப் படங்களைப் பார்த்துப் பார்த்து ஆசை வரும். டன்லப் கே 70, அவான் ஸ்பீட்மாஸ்டர் இரண்டும் இந்த அளவிலேயே வந்த டயர்கள். பார்க்க அவ்வளவு அழகு. அந்தக் காலத்து வண்டிக்கு அந்தக் காலத்து டயர் என்று ஒரு நிறைவு இருக்கும், அந்த ஆசையைத் தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் அவான் டயர் செய்த இங்கிலாந்தின் மெல்க்ஷம் ஆலை 2023 முடிவில் மூடப்பட்டுவிட்டது. யாராவது அந்த ஆலையில் செய்த டயர் என்று கொடுத்தால், அது ஒவ்வொரு வருடமும் ஒரு வயது கூடிக்கொண்டிருக்கும் டயர். இறக்குமதிச் செலவு சேர்ந்து, உங்கள் ஆறாயிரத்தில் இப்படி ஒரு டயர் வந்தாலே பெரிது. உங்கள் அப்பா 1984இல் வண்டி எடுத்தபோது அதிலிருந்தது பெரும்பாலும் உள்ளூர் ஆலையில் செய்த டயராகத்தான் இருந்திருக்கும். எம்.ஆர்.எஃப். 1946இல் பொம்மைப் பலூன் செய்யத் தொடங்கியதே திருவொற்றியூரில்தான். டன்லப்புக்கும் அம்பத்தூரில் ஆலை இருந்தது, அங்கே பஸ் நிறுத்தத்துக்கு இன்னும் அதே பெயர். இந்த வண்டிக்கு நம் ஊர் டயர் போடுவதில் எந்தக் குறையும் இல்லை.

காசை மிச்சம் பிடிக்க ஆட்கள் காட்டும் வழிகள் மூன்று. முதலாவது செகண்ட் ஹேண்ட் டயர். சென்னைப் புதுப்பேட்டையின் பழைய பொருள் சந்தையில் போய் நின்றால் மலை மாதிரி குவித்து வைத்திருப்பார்கள், கறுப்பு பாலிஷ் போட்டு மினுமினுவென்று இருக்கும். அந்தப் பாலிஷைத் துணியால் துடைத்துவிட்டு, முன்பு சொன்னபடி பக்கவாட்டை வளைத்துப் பாருங்கள். முக்கால்வாசி அங்கேயே தெரிந்துவிடும். உள்பக்கம் கையை விட்டுத் தடவினால் பழைய ஆணி ஏறிய இடமும், ஒட்டுப் போட்ட இடமும் விரலில் தட்டும். கதவு, விளக்கு, டேங்க் மூடி என்று எத்தனையோ நல்ல பொருள்கள் அந்தச் சந்தையில் கிடைக்கும், நானே வாங்கியிருக்கிறேன். டயரை மட்டும் அங்கே வாங்காதீர்கள். இரண்டாவது, ரீபட்டன். லாரி பஸ்ஸுக்கு முறையாகச் செய்யும் இடங்கள் உண்டு. அதற்கென்று தயாரித்த கெட்டியான உடல் அவற்றுக்கு இருக்கிறது. ஆறு வருடம் நின்று வெடித்துப்போன பைக் டயரின் மேல் புதுப் பட்டன் ஒட்டினால், உள்ளே இருக்கும் உடலின் வயது குறையப்போவதில்லை. சாய்ந்து ஓடுகிற வண்டிக்கு இது வேண்டவே வேண்டாம்.

மூன்றாவதுதான் ஏமாற்றுவது. பெயர்பெற்ற கடை, கம்பெனி டயர், புது பில், விலையில் முந்நூறு ரூபாய் தள்ளுபடி. ஆனால் டயர் நான்கு வருடமாகப் பரணில் கிடந்தது. 3.25-19 இப்போது மெதுவாக விற்கும் அளவு, அதனால் கடைகளில் தங்கிவிடுகிறது. எனக்கு நடந்தது இது. ஒரு பெரிய கடையில் அவசரமாக வாங்கி, மாட்டியும் விட்டேன். வீட்டில் வண்டியைத் துடைக்கும்போதுதான் அந்த நான்கு எண்களைப் பார்த்தேன். ஐந்து வருடம் உழைக்க வேண்டிய டயருக்கு ஒரு வருடத்து வாழ்வுதான் மிச்சம். மாட்டிய டயரைத் திருப்பி எடுக்க மாட்டார்கள். அன்றிலிருந்து, டயரைக் கையில் வாங்கியதும் முதலில் அந்த எண்ணைத்தான் தேடுவேன். ஆறு மாதத்துக்குள் செய்ததென்றால் சிறப்பு, ஒரு வருடம் வரை சரி. அதற்கு மேல் என்றால் ‘புது ஸ்டாக் வரவழைத்துக் கொடுங்கள், ஒரு வாரம் காத்திருக்கிறேன்’ என்று முன்பணம் கொடுத்துவிட்டு வாருங்கள். சென்னையில் ஜி.பி. ரோடு பக்கம் இப்படிக் கேட்டால் பெரும்பாலும் வரவழைத்துக் கொடுப்பார்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

இனி டியூப். எல்லோரும் டயரைப் பற்றியே யோசித்துவிட்டு இதில் நானூறு ரூபாய் மிச்சம் பிடிப்பார்கள். நானும் ஒருமுறை அப்படிச் செய்தேன். பின்னால் புது டயர் போட்டு, ‘டியூப் நல்லாத்தானே இருக்கு’ என்று பழையதையே வைத்து ஓட்டினேன். மேல்மருவத்தூர் தாண்டி, அறுபதில் போய்க்கொண்டிருந்தபோது பின்பக்கம் திடீரென்று இடமும் வலமும் ஆட ஆரம்பித்தது. பிரேக்கைத் தொடாமல், ஆக்சிலரேட்டரை மட்டும் மெல்ல விட்டு, எப்படியோ ஓரம் கட்டினேன். பின்னால் மனைவி உட்கார்ந்திருந்தார், என் தோளைப் பிடித்த கை நடுங்கிக்கொண்டிருந்தது இன்னும் நினைவிருக்கிறது. கழற்றிப் பார்த்தால் ஆணி எதுவும் ஏறவில்லை. டியூப்பின் மவுத், அதாவது காற்றடிக்கும் வால்வு, அடியோடு பிய்ந்திருந்தது. பழைய டியூப் பல வருடம் விரிந்தே இருந்து அளவில் பெருத்துவிடும், புது டயருக்குள் வைக்கும்போது எங்காவது ஒரு மடிப்பு விழும், அந்த மடிப்பில் தேய்ந்துகொண்டே இருக்கும். மவுத் சேரும் இடத்து ரப்பர்தான் முதலில் காய்ந்து போகும். அப்படி ஒரே நொடியில் காற்று போவது பெரும்பாலும் டியூப் வைத்த வண்டியில்தான் நடக்கும்.

ஆகவே இரண்டு சக்கரத்துக்கும் புது டியூப், 3.25-19 என்று அளவு அச்சடித்தது, நல்ல கம்பெனியுடையது. உங்களுடையது ஸ்போக் ரிம், டியூப்லெஸ் யோசனையே வேண்டாம். டயரிலும், டியூப் வைக்கும் வகை என்பதைக் குறிக்கும் டி.டி. (TT) என்று போட்டதைத்தான் வாங்க வேண்டும்.

டயரைக் கழற்றிய பிறகுதான் ரிம்மின் உள்பக்கத்தைப் பார்க்க முடியும், அந்த வாய்ப்பை விடாதீர்கள். ஆறு வருடம் நின்ற வண்டியில், அடிப்பக்கம் நீர் தங்கிய இடத்தில், துரு செதில் செதிலாக எழும்பியிருக்கும். கம்பித் தூரிகையால் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, துரு தடுக்கும் பிரைமர் ஒரு கை அடித்துக் காயவிடுங்கள். ரிம் ஓட்டையாகும் அளவுக்கு அரித்திருந்தால் டயர் வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு முதலில் ரிம்மைப் பாருங்கள். ஒவ்வொரு ஸ்போக்கின் முனையையும் விரலால் தடவிப் பாருங்கள். அதை ரிம்மில் இறுக்கும் நிப்பிளைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் அரம் போட்டுச் சமமாக்க வேண்டும், இல்லையென்றால் அதுவே உங்கள் புது டியூப்பின் ஆணி. அதன் மேல் புது ரிம் டேப். பழைய சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றுகிற வழக்கம் கிராமங்களில் இன்னும் உண்டு, அவசரத்துக்குச் சரி. சில பத்து ரூபாய்ப் பொருளுக்கு அந்த மாற்று வேண்டாம். சக்கரம் கழன்றிருக்கும்போதே பேரிங், பிரேக் ஷூ, பின் ஹப்புக்குள் இருக்கும் ரப்பர் கட்டைகள் எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள். ஸ்போக் தளர்ந்திருந்தால் கோட்டம் எடுத்த பிறகே டயர் ஏற்ற வேண்டும்.

டயர் ஏற்றுவதற்குப் பழைய ஸ்போக் வண்டி பார்த்த கைக்காரரிடம் போங்கள். புது வண்டிக் கடைகளில் மிஷின் வைத்திருப்பார்கள், ஆனால் குரோம் ரிம்மில் அது கோடு போட்டுவிடும். லிவருக்கு அடியில் துணி வைத்து, சோப்புத் தண்ணீர் தடவி, டியூப்பில் லேசாகக் காற்று விட்டு வட்டமாக்கி, பவுடர் தூவி வைக்கிறாரா என்று பாருங்கள். அப்படிச் செய்கிறவர் கையில் டியூப் கடிபடாது. டயரில் மஞ்சள் புள்ளி இருந்தால் அது மவுத் பக்கம் வர வேண்டும். அந்த இடம்தான் டயரில் எடை குறைந்த இடம். காற்றடித்த பிறகு, ரிம்மை ஒட்டி டயரில் ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே அளவு இடைவெளியில் தெரிகிறதா என்று பாருங்கள். ஓரிடத்தில் உள்வாங்கியிருந்தால் காற்றை இறக்கி, சோப்புத் தண்ணீர் விட்டு, மறுபடி அடிக்கச் சொல்லுங்கள். அப்படியே ஓட்டினால் சக்கரம் துள்ளும்.

மவுத்தில் இருக்கும் சின்ன நட்டை ரிம்மோடு இறுக்க விடாதீர்கள். மேலே மூடியோடு ஒட்டி வைத்துவிடுங்கள். காற்று குறைந்து டயரும் டியூப்பும் ரிம்மின் மேல் நகர ஆரம்பித்தால் மவுத் சாய்ந்து நிற்கும், உங்களுக்கு முன்கூட்டியே தெரியும். நட்டை இறுக்கிவிட்டால் மவுத் சாய முடியாமல் பிய்ந்துதான் போகும். என் வண்டியில் நட்டும் இறுகித்தான் இருந்தது.

பழைய புல்லட்டுக்குத் தனியாக ஓட்டும்போது காற்று முன்னால் 18 பவுண்டு, பின்னால் 28 பவுண்டு என்பது கணக்கு. பின்னால் ஆள் ஏறினால் இரண்டிலும் இரண்டு பவுண்டு கூட்டிக்கொள்ளலாம். முன்னால் 18 என்பது எனக்குக் கொஞ்சம் தொளதொளவென்று இருக்கும், 20 வைத்துக்கொள்கிறேன். பெட்ரோல் பங்க்கில் சொல்லாமல் விட்டால் எல்லா வண்டிக்கும் போல அடித்துவிடுவார்கள். முன் டயர் கல் மாதிரி ஆகி, குழியில் இறங்கும்போதெல்லாம் கைப்பிடி உதறும். காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது பார்ப்பதுதான் சரியான அளவு. முதல் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் சாய்த்துத் திருப்பாமல், சட்டென்று பிரேக் போடாமல் ஓட்டுங்கள். புது டயரின் மேல்தோல் வழுக்கும், மழை நாளில் ரொம்பவே வழுக்கும்.

செலவுக் கணக்கு இப்படி வரும். டயர் இரண்டும் சேர்ந்து நாலாயிரத்து ஐந்நூறு என்று வைத்துக்கொள்ளுங்கள். டியூப் இரண்டும் எண்ணூறு, ரிம் டேப்பும் பிரைமரும் இருநூறு, மாட்டுகூலி சேர்த்தால் ஆறாயிரத்தை ஒட்டி நிற்கும். டயரைப் புதிதாகச் செய்ததாகப் பார்த்து வாங்கினால் ஐந்தாறு வருடம் கவலையில்லை, வருடத்துக்கு ஆயிரம் ரூபாய். இந்த மாதம் ஒரு டயருக்குத்தான் காசு இருக்கிறது என்றால், அதை முன்னால் போட்டுவிட்டு ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள். இரண்டும் ஒரே வயது டயர்கள். வண்டி ஆறு வருடம் நின்றது, இன்னும் ஒரு மாதம் நிற்கட்டும்.

வேறு பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு இதே கணக்குதான், அளவு மட்டும் வேறு. யமஹா ஆர்.எக்ஸ். 100க்கு முன்னால் 2.50-18, பின்னால் 2.75-18. இந்த 2.75-18 பழைய ஸ்ப்ளெண்டரிலும் வந்த அளவு என்பதால் சின்ன ஊர்களிலும் கிடைக்கும். பழைய ஜாவா 250க்கு 3.25-16. பதினாறு அங்குலம் என்பதால் கொஞ்சம் தேட வேண்டும், கிடைக்கும்போது தயாரித்த வாரத்தை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

கடைசியாக, கழற்றிய பழைய டயர்கள். அப்பா ஓட்டிய டயர் என்று ஒன்றை வைத்துக்கொள்ள ஆசையிருந்தால் கூரைக்கு உள்ளே தொங்கவிடுங்கள். வெளியே போட்டால் மழைநீர் தேங்கி டெங்கு கொசு வளரும். மற்றதைக் கடையில் விட்டுவிட்டு வருவதாக இருந்தால், பக்கவாட்டில் ஒரு சாண் நீளத்துக்கு அரிவாளால் அறுத்துவிட்டுக் கொடுங்கள். முழுசாகக் கொடுத்தால் யாரோ பாலிஷ் போட்டு இன்னொருவர் வண்டியில் ஏற்றிவிடுவார்கள்.